பேஸ்பாலில் ஏலம் கிடையாது: ஃப்ரீ ஏஜென்ட் விஷயத்தை முதலிலிருந்து புரிந்துகொள்வோம்

டிசம்பர் பிறந்தால் மதுரையிலிருந்து அத்தை மகன் போன் பண்ணிவிடுவான். "மாப்ள, உங்க டீம் ஏலத்துல யாரை எடுத்தீங்க?" உங்க டீம் என்று அவன் சொல்வது சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸை. நானும் ஒவ்வொரு வருஷமும் "ஏலம் இல்லடா" என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் விளக்கி, போனை வைத்தபிறகு சொல்ல விட்டுப்போனதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவனை மட்டும் சொல்லி என்ன, இங்கே கலிஃபோர்னியாவில் வருஷக்கணக்காக பேஸ்பால் பார்க்கிற நண்பர்களே "நம்மாளுங்க அவனை வாங்காம கோட்டை விட்டுட்டாங்க" என்றுதான் பேசுகிறார்கள். வாங்குவது, எடுப்பது, கோட்டை விடுவது என்று பேசும்போதே விஷயம் திசைமாறிவிடுகிறது. அணி என்ன செய்ய முடியும், என்ன செய்யவே முடியாது என்பது தெரியாமல் அதன்மேல் கோபப்படுகிறோம்.

பேஸ்பாலே தெரியாவிட்டாலும் இதை வாசிக்கலாம். மேஜர் லீக் என்ற உச்ச லீக்கில் முப்பது அணிகள், ஏப்ரலை ஒட்டித் தொடங்கி செப்டம்பர் வரை அணிக்கு 162 ஆட்டம், அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் எனும் இறுதித் தொடர். அது முடிந்து அடுத்த சீசன் தொடங்கும்வரை உள்ள குளிர்காலம்தான் ஆஃப்சீசன். ரசிகனுக்கு மைதானத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. நம்பிக்கை வைக்க மட்டும் நிறைய இருக்கும்.

ஏலமா, வேலை மாற்றமா?

ஐபிஎல்லில் நடப்பது நமக்குத் தெரியும். 2024 நவம்பரில் ஜெத்தாவில் ரிஷப் பந்த் பெயர் வந்தது, பலகைகள் எழுந்தன, 27 கோடி ரூபாயில் சுத்தியல் விழுந்தது, அவர் லக்னோ ஆட்டக்காரர் ஆனார். "எனக்குச் சென்னைதான் பிடிக்கும், இரண்டு கோடி குறைவானாலும் பரவாயில்லை" என்று சொல்ல அங்கே இடமில்லை. கடைசியாகப் பலகையைத் தூக்கியவரிடம் போக வேண்டியதுதான்.

பேஸ்பாலுக்கு ஐபிஎல்லை மறந்துவிட்டு ஒரு நல்ல இன்ஜினியர் வேலை மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கையில் நாலு ஆஃபர் லெட்டர் இருக்கிறது. சம்பளத்தைப் பார்ப்பார். ஆனால் ஊரையும் பார்ப்பார், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியார் வீடு எவ்வளவு தூரம், மேனேஜர் எப்படிப்பட்டவர், கம்பெனி இன்னும் ஐந்து வருஷம் நிற்குமா என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பார். அதிகச் சம்பளம் சொன்ன கம்பெனியைவிட்டு வேறொன்றில் சேர்ந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம்.

ஃப்ரீ ஏஜென்ட் என்பவர் அந்த இன்ஜினியர்தான்: எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாமல், எல்லா அணிகளோடும் பேசி, தான் விரும்பிய இடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை உள்ள ஆட்டக்காரர். ஏஜென்ட் என்றதும் இடைத்தரகர் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இங்கே அந்தச் சொல் ஆட்டக்காரரையே குறிக்கிறது. அவர் சார்பில் அணிகளோடு பேரம் பேசுபவர் தனி. அவரை நான் பிரதிநிதி என்றே எழுதுகிறேன்.

வேர்ல்ட் சீரிஸ் முடிந்து ஐந்து நாளுக்குப் பிறகு எந்த அணியோடும் கையெழுத்திடலாம். அப்புறம் தேதி, மணி, சுத்தியல் எதுவும் கிடையாது. ஒருவர் நவம்பரில் முடித்துவிடுவார், இன்னொருவர் மார்ச் வரை வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

ஆக, அணி கேட்கலாம், முடிவு ஆட்டக்காரருடையது. மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஆறு வருஷ பாண்ட்

அப்படியானால் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் வருஷா வருஷம் மாறிக்கொண்டே இருக்க மாட்டார்களா? மாட்டார்கள், முடியாது. வேலையில் சேரும்போது "இரண்டு வருஷம் விட்டுப் போகமாட்டேன்" என்று பாண்ட் எழுதி வாங்குகிறார்களே, அதைப்போல இங்கே ஆறு வருஷம். இளைஞர்களை அணிகள் டிராஃப்ட் மூலம் எடுக்கின்றன. டிராஃப்ட் என்றால் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. அந்தப் பையன் கீழ்நிலை லீக்குகளில் சில வருஷம் தேறி, மேஜர் லீக்கில் கால் வைத்த நாளிலிருந்து ஆறு வருஷ சேவைக்காலம் முடியும்வரை அவன் அந்த அணியின் கட்டுப்பாட்டில் இருப்பான்.

சேவைக்காலம் நாள் கணக்கு. சீசன் ஏறக்குறைய 187 நாள். அதில் 172 நாள் மேஜர் லீக் அணியில் இருந்தால் ஒரு வருஷம். ஒரு நாள் குறைந்தாலும் வருஷம் சேராது. கிறிஸ் பிரையன்ட் கதையைச் சொன்னால் இதன் கனம் புரியும். 2015இல் சிகாகோ கப்ஸ் அணியின் மிகப் பெரிய நம்பிக்கை அவர். பயிற்சி ஆட்டங்களில் அடித்து நொறுக்கினார். ஆனாலும் சீசன் தொடங்கும்போது கப்ஸ் அவரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பி, ஏப்ரல் 17 அன்றுதான் மேலே அழைத்தது. சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு, அதனால் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஒரு முழு வருஷம் தள்ளிப்போனது. முறையிட்டார், 2020இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. விதிப்படி சரி என்றாலும், அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த ஆறு வருஷத்தில் சம்பளம் இரண்டு கட்டம். முதல் மூன்று வருஷம் அணி கொடுப்பதுதான், பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி இருக்கும் (2025இல் அது 7.6 லட்சம் டாலர்). அடுத்த மூன்று வருஷம் சம்பளத்தில் உடன்பாடு வராவிட்டால் தகராறு தீர்க்கும் நடுவர் முன் போகலாம். அணி ஒரு தொகை சொல்லும், ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார், நடுவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்.

பாண்ட் முடியும்போது வயது என்ன ஆகிறது? 23, 24இல் மேஜர் லீக்குக்கு வந்தவருக்கு 29, 30 ஆகிவிடும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இந்த உரிமை எப்படி வந்தது

1970களின் நடுப்பகுதி வரை ஆறு வருஷம் என்ற பேச்சே இல்லை; ஆயுள் முழுக்க பாண்ட்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் அணி தானாகவே அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது, ரிசர்வ் விதி என்பார்கள். 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, தன்னிடம் பன்னிரண்டு சீசன் ஆடிய கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார். தான் வாங்கி விற்கப்படும் சொத்து அல்ல என்று லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதினார், வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். ஆட்ட வாழ்க்கையும் அதோடு போயிற்று.

ஆனால் கதவு ஆடத் தொடங்கிவிட்டது. 1975இல் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித் என்ற பிட்சர் (பந்தெறிபவர்) புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே முழு சீசனும் ஆடினார். அணி ஒரு வருஷம்தான் புதுப்பிக்கலாம், அதற்குமேல் முடியாது என்பது வாதம். டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ் அவருக்கும் டேவ் மெக்நாலி என்ற இன்னொரு பிட்சருக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். உரிமையாளர்கள் உடனே நடுவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், தீர்ப்பை நீக்க முடியவில்லை. 1976இல் ஆட்டக்காரர் சங்கமும் அணி உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசி வைத்த கணக்குதான் இந்த ஆறு வருஷம்.

யாராவது ஒரு ஆட்டக்காரர் எங்கள் அணியை வேண்டாம் என்று சொல்லும்போது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த "வேண்டாம்" சொல்லும் உரிமைக்கு ஃபிளட் கொடுத்த விலை தெரிந்தபிறகு, ஆட்டக்காரரைத் திட்ட மனம் வருவதில்லை.

பணம்: வரம்பு இல்லை, வரி உண்டு

ஐபிஎல்லில் 2025க்கான ஏலப் பை 120 கோடி ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா செலவழிக்க முடியாது. பேஸ்பாலில் அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. அதற்குப் பதில் ஆடம்பர வரி என்று ஒன்று இருக்கிறது: மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் கட்டும் வரி. 2025இல் கோடு 24.1 கோடி டாலர். நம் வீட்டு மின்கட்டணத்தில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. முதல் வருஷம் தாண்டினால் 20 சதவீதம், அடுத்தடுத்துத் தாண்டினால் 30, பிறகு 50. கோட்டுக்கு மேலே ரொம்ப தூரம் போனால் அதற்குத் தனியாகக் கூடுதல் வரி. எங்கள் பரம எதிரியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2024க்குக் கட்டிய வரி மட்டும் 10 கோடி டாலரைத் தாண்டியது. முடிந்தவர்கள் கட்டுகிறார்கள்.

அடுத்து, செய்தியில் வரும் பெரிய எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓட்டானி டாட்ஜர்ஸோடு பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். இதில் 68 கோடியை அவர் 2034 முதல் 2043 வரையில்தான் வாங்குவார். ஆடும் பத்து வருஷமும் வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் மட்டும். ஒருவர் வீட்டை 70 லட்சத்துக்கு விற்று, 2 லட்சத்தை இப்போதும் மீதி 68 லட்சத்தைப் பத்து வருஷம் கழித்துத் தவணையாகவும் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டால் அதன் இன்றைய மதிப்பு 70 லட்சமா? இல்லை. ஓட்டானி ஒப்பந்தத்தையும் வரிக் கணக்கில் வருஷத்துக்கு 7 கோடி என்று எடுக்காமல் சுமார் 4.6 கோடி என்றே எடுக்கிறார்கள். ஜுவான் சோட்டோ 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸோடு போட்ட 15 வருஷ, 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இப்படித் தள்ளிவைத்த பணமே இல்லை. அதனால் இரண்டுக்கும் உள்ள தூரம் மேலே தெரிவதைவிட ரொம்பப் பெரியது.

இன்னொன்று: பழைய அணி ஒரு வருஷத்துக்கு, லீக்கில் அதிகச் சம்பளம் வாங்கும் 125 பேரின் சராசரியைக் கொடுப்பதாகச் சொல்லி (2024 குளிர்காலத்தில் அது 2.105 கோடி டாலர்) ஆட்டக்காரர் மறுத்தால், அவரைச் சேர்த்துக்கொள்ளும் புது அணி டிராஃப்ட்டில் ஓர் இடத்தை இழக்கும், பழைய அணிக்கு ஈடாக ஓர் இடம் கிடைக்கும். இதைத் தகுதி ஆஃபர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் கொடுக்கலாம்.

சுருக்கமாக: பணக்கார அணியைத் தடுக்கச் சுவர் இல்லை, செலவு கூடக் கூட ஏறும் வரிதான் இருக்கிறது. பெரிய எண்ணைக் கேட்டால் "எத்தனை வருஷம், எப்போது கைக்கு வரும்?" என்று கேளுங்கள்.

2022 டிசம்பர்

ஜயன்ட்ஸ் ரசிகர்களுக்கு இந்தத் தலைப்பே போதும்.

ஆரன் ஜட்ஜ் அந்த வருஷம் நியூயார்க் யாங்கீஸுக்காக 62 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது, நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்து, 1961இலிருந்து நின்றிருந்த அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சாதனையை உடைத்தார். சீசனுக்கு முன்பு யாங்கீஸ் கொடுத்த 21.35 கோடி டாலரை மறுத்துவிட்டு, தன் மேலேயே பந்தயம் கட்டி ஆடிய ஆள். அவர் வளர்ந்தது லிண்டன் என்ற சின்ன விவசாய ஊர், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். சின்ன வயதில் ஜயன்ட்ஸ் ரசிகர். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? டிசம்பர் 6 அன்று ஒரு பெரிய செய்தியாளர் ஜட்ஜ் ஜயன்ட்ஸுக்கு வருவதுபோலத் தெரிகிறது என்று பதிவு போட்டார். அவசரத்தில் ஆரன் என்பது "ஆர்சன்" என்று விழுந்திருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் நான் மதுரைக்குப் போன் போட்டுவிட்டேன், அங்கே விடிகாலை. சில நிமிஷத்தில் அந்தப் பதிவு காணாமல் போயிற்று. மறுநாள் காலை ஜட்ஜ் யாங்கீஸிலேயே இருக்கிறார் என்று செய்தி: ஒன்பது வருஷம், 36 கோடி டாலர்.

ஜயன்ட்ஸ் பேசிய தொகையும் அதே அளவுதான் என்று அப்போது செய்தி வந்தது. பிறகு எங்கே தவறு? தவறே இல்லை என்பதுதான் விஷயம். ஏலமாக இருந்தால் இன்னும் ஒரு தடவை பலகையைத் தூக்கலாம். இங்கே அவர் பழகிய அணியை, தன்னைக் கேப்டன் ஆக்கப்போகும் அணியைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு வாரத்தில் கார்லோஸ் கொரேயா வந்தார், அல்லது வந்ததாக நினைத்தோம். 13 வருஷம், 35 கோடி டாலர். அவர் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நின்று தடுக்கும் முக்கியமான ஆள். டிசம்பர் 20 அன்று பத்திரிகையாளர் சந்திப்பு ஏற்பாடாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் போட்டு, இலை போடுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்துக்கு முன் சந்திப்பு ரத்து என்றார்கள். மருத்துவப் பரிசோதனையில், வெகுகாலத்துக்கு முன் அறுவை சிகிச்சை செய்த அவரது வலது காலைப் பற்றி அணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றிரவே மெட்ஸ் 12 வருஷத்துக்கு 31.5 கோடி என்றது. அதுவும் தன் பரிசோதனையில் அதே காலில் நின்றது. கடைசியில் ஜனவரியில் கொரேயா தன் பழைய அணியான மினசோட்டாவுக்கே ஆறு வருஷம், 20 கோடிக்குத் திரும்பினார்.

"சம்மதம்" என்று செய்தி வந்தால் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைப்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். பரிசோதனை முடிந்து கையெழுத்து விழும்வரை அது வெறும் பேச்சு.

ஏன் இத்தனை நீள ஒப்பந்தம், யாருக்கு நஷ்டம்?

இப்போது அந்த 29, 30 வயதுக்கு வருவோம். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் உச்சத்தில் இருப்பது இருபதுகளின் பின்பாதியில். ஃப்ரீ ஏஜென்ட்டோடு ஒப்பந்தம் போடும்போது மாம்பழத்தை அது நன்றாகப் பழுத்த அன்று கூடையோடு எடுக்கிறோம். முதல் சில பழம் தேன். அடியில் உள்ளதையும் சேர்த்துத்தான் விலை.

பாரி ஸீட்டோ என்ற பிட்சரை 2006 டிசம்பரில் ஜயன்ட்ஸ் ஏழு வருஷத்துக்கு 12.6 கோடி டாலர் கொடுத்துக் கொண்டுவந்தது, அன்றைக்குப் பிட்சர்களில் அதுவே மிகப் பெரிய ஒப்பந்தம். ஏழு வருஷத்தில் 63 வெற்றி, 80 தோல்வி. 2010இல் அணி சாம்பியன் ஆனபோது, பிளேஆஃப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. அதே 2010 அணியில் ஆப்ரி ஹஃப் இருந்தார். ஜனவரியில், பெரிய பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு வருஷத்துக்கு 30 லட்சம் டாலரில் வந்தவர். அணியிலேயே அதிகமாக 26 ஹோம் ரன் அடித்தார். அந்த மகிழ்ச்சியில் அவருக்கு இரண்டு வருஷத்துக்கு 2.2 கோடி கொடுத்தோம், அடுத்த வருஷம் 12தான் அடித்தார்.

ஆனால் ஸீட்டோவைப் பற்றி இத்தோடு நிறுத்தினால் அநியாயம். 2012 அக்டோபரில் லீக் இறுதியில் ஜயன்ட்ஸ் 3-1 என்று பின்தங்கி, இன்னொன்று தோற்றால் வீட்டுக்கு என்ற நிலையில், செயின்ட் லூயிஸில் பந்தைக் கையில் வாங்கியவர் அவர். எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. தொடர் திரும்பியது. அடுத்து வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில் ஜஸ்டின் வெர்லாண்டரைத் தோற்கடித்தார். நாங்கள் சாம்பியன். அந்த ஏழு வருஷ ஒப்பந்தம் வீணா என்று யாராவது கேட்டால் என்னால் இன்றும் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

கடைசி வருஷங்கள் சுமையாகும் என்று தெரிந்தே அணிகள் கையெழுத்திடுகின்றன. முதல் நாலைந்து வருஷத்தில் அந்தச் சுமைக்கு ஈடாக ஏதாவது கிடைக்கும் என்ற கணக்கு.

நான் இப்போது எதற்கு ஆசைப்படுகிறேன்

முன்பெல்லாம் என் பட்டியலில் பெயர்கள் மட்டும் இருக்கும். இப்போது பெயருக்குப் பக்கத்தில் வயது, வருஷம், எங்கள் மைதானம் மூன்றையும் எழுதிப் பார்க்கிறேன். மைதானம் சாதாரண விஷயமில்லை. எங்கள் மைதானம் கடலோரத்தில், குளிர்காற்றில் இருக்கிறது. வலதுபக்கச் சுவர் 24 அடி உயரம், வலதுக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட மூலை ரொம்ப ஆழம். வேறு ஊரில் ஹோம் ரன் ஆகும் பந்து இங்கே பிடிபட்டுவிடும். நல்ல பேட்டர்கள் இங்கே வரத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். பிட்சர்கள் விரும்பி வருவதற்கும் இதுவே காரணம்.

பிளேக் ஸ்னெல் என்ற பிட்சர் 2024 மார்ச்சில், சீசன் தொடங்க ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது, இரண்டு வருஷம், 6.2 கோடி டாலருக்கு வந்தார். முதல் வருஷம் முடிந்ததும் விலகும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருந்தது. பயிற்சி இல்லாமல் வந்ததால் ஆரம்பத்தில் பயங்கரமாக அடி வாங்கினார். ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். குளிர்காலத்தில் விலகும் உரிமையைப் பயன்படுத்தி டாட்ஜர்ஸுக்கே போனார். அவருக்காக ஒரு டிராஃப்ட் இடத்தை இழந்திருந்தோம். தகுதி ஆஃபரை அவர் முன்பே ஒரு தடவை வாங்கியிருந்ததால் அவர் போனபோது ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. அதே மார்ச்சில் வந்த மேட் சாப்மனோ இங்கேயே பிடித்துப்போய், செப்டம்பரில் ஆறு வருஷத்துக்கு நீட்டித்துக்கொண்டார். அணிக்குள் நல்ல சூழல் இருந்தால் அடுத்த ஆஃப்சீசன் வரும் முன்பே ஒருவரைத் தக்கவைக்கலாம்.

2025 சீசன் 81 வெற்றி, 81 தோல்வி என்று முடிந்தபோது என் ஆசை பெரிய பெயராக இல்லை. ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ்களில் வந்து எறியும் பிட்சர்களில் கமிலோ டோவலையும் டைலர் ராஜர்ஸையும் ஜூலையில் டிரேடில் அனுப்பிவிட்டோம், ராண்டி ரொட்ரிகஸ் முழங்கை அறுவை சிகிச்சையோடு படுத்துவிட்டார். அந்த வேலைக்கு இரண்டு பேர், எங்கள் முதன்மைப் பிட்சர் லோகன் வெப்புக்குப் பின்னால் ஆட்டத்தைத் தொடங்கி ஆறு இன்னிங்ஸ் தாங்க ஒருவர், மூன்று பேருக்கும் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் வேண்டாம். காற்றும் உயரச் சுவரும் அவர்களுக்குத் துணை நிற்கும்.

பெரிய பேட்டர் வேண்டாமா என்று அத்தை மகன் கேட்டான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் வில்லி அடாமெஸ் ஏழு வருஷம், 18.2 கோடி டாலருக்கு வந்தார், வயது 29. ஏப்ரல், மே முழுக்க அவர் மட்டையில் பந்து படவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 2004இல் பாரி பாண்ட்ஸுக்குப் பிறகு ஜயன்ட்ஸில் யாருமே ஒரு சீசனில் 30 ஹோம் ரன் அடித்ததில்லை, இருபது வருஷத்துக்கு மேல். செப்டம்பர் கடைசியில், பிளேஆஃப் வாய்ப்பெல்லாம் போன பிறகு, அடாமெஸ் முப்பதாவதை அடித்தார். நான் டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். மதுரையில் விடிந்திருக்குமா என்று பார்க்காமல் போனை எடுத்தேன்.